முதல் மணிக்கு முன்: பள்ளிப் பிள்ளைகளின் பசியும் மதுரையில் தொடங்கிய காலை உணவும்



ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இரவு 8 மணிக்கு உண்டு உறங்கிய பிள்ளை, காலையில் எதுவும் உண்ணாமல் பள்ளிக்குப் போகிறது. மதியம் 12.30 மணிக்குச் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது அதன் வயிறு பதினாறரை மணி நேரம் வெறுமையாக இருந்திருக்கும். நம் மதுரையில் ரமலான் நோன்பின் நேரம் பதின்மூன்றரை மணியை ஒட்டியே அமைகிறது. அந்த நோன்புக்கும் ஸஹர் உண்டு. ஸஹர் உணவில் பரக்கத் இருப்பதாகச் சொல்லி, அதை விட்டுவிடாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஊக்கப்படுத்தினார்கள். பருவமடையாத பிள்ளைகள் மீது மார்க்கம் நோன்பைக் கடமையாக்கவும் இல்லை. அப்படியிருக்க, நிய்யத்தும் இல்லாமல் ஸஹரும் இல்லாமல், நாட்காட்டியில் இடம்பெறாத ஒரு நோன்பைப் பள்ளி நாட்களில் பிள்ளைகள் பலர் நோற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் நம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் அந்த நோன்பை முடித்துவைக்கும் ஏற்பாடு 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நம் மதுரையில் தொடங்கியது. அதற்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இரக்கத்தால் மட்டும் கொடுக்கப்பட்ட உணவு, கை சுருங்கியபோதெல்லாம் நின்றுபோயிருக்கிறது. அளவும் நேரமும் நிதியும் பொறுப்பாளரும் எழுத்தில் வைக்கப்பட்ட உணவே நிலைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டில் நம் ஜமாஅத்துகளுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணை மாணவர்களின் பசி

மாணவரின் பசி நம் மார்க்க வரலாற்றுக்குப் புதிதன்று. மதீனாவில் மஸ்ஜிதுன் நபவியின் பின்புறத்தில் கூரை வேயப்பட்ட ஒரு திண்ணை இருந்தது. வீடும் உறவும் இல்லாத தோழர்கள் அங்கே தங்கி, மார்க்கத்தைக் கற்றார்கள். அஹ்லுஸ் ஸுஃப்பா என்று நாம் அழைக்கும் திண்ணைத் தோழர்கள் அவர்களே. இஸ்லாத்தின் முதல் விடுதி மாணவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

அவர்களுள் ஒருவரான அபூஹுரைரா (ரலி) அவர்கள் தம் பசியைப் பற்றித் தாமே அறிவித்திருக்கிறார்கள். பசி தாளாமல் அவர்கள் மக்கள் நடந்து செல்லும் வழியில் அமர்ந்திருந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்தபோது ஒரு வசனத்தைப் பற்றி விளக்கம் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் வந்தபோதும் அவ்வாறே கேட்டார்கள். இருவரும் விளக்கம் தந்துவிட்டுச் சென்றார்கள். கேட்டவரின் உள்ளத்தில் இருந்ததோ வேறு. வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளிப்பார்களா என்ற எதிர்பார்ப்பே அங்கிருந்தது. பிறகு நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள். சொல்லாமலே விளங்கிக்கொண்டு உடன் அழைத்துச் சென்றார்கள்.

வீட்டில் ஒரு கோப்பைப் பால் அன்பளிப்பாக வந்திருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்துவரச் சொன்னார்கள். அபூஹுரைராவே எல்லாருக்கும் பரிமாறினார்கள். அனைவரும் வயிறு நிறையக் குடித்த பிறகு அவர்களும் குடித்தார்கள். எஞ்சியதை நபி (ஸல்) அவர்கள் இறுதியாகக் குடித்தார்கள்.

ஆசிரியப் பணியில் இருப்போர் இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பசித்த மாணவர் பசி என்று சொல்வதில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பார், அல்லது பாடத்தைக் கவனியாமல் இருப்பார். வகுப்பில் காலை பத்து மணிக்கு மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று அதட்டுவது எளிது. அந்த முகத்தைப் படிப்பதே ஆசிரியரின் கடமை.

அதே மதீனாவில், ஏழைகள் உண்பதற்காகப் பேரீச்சங்குலைகளைப் பள்ளிவாசலில் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. சிலர் தரம் குறைந்த குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டபோது, தமக்குக் கொடுக்கப்பட்டால் முகம் சுளித்து வாங்கக்கூடிய பொருளைப் பிறருக்கு ஈயாதீர்கள் என்ற கருத்தில் இறைவசனம் இறங்கியதாக அறிவிப்புகள் கூறுகின்றன. உணவைக் கொடுத்தால் மட்டும் போதாது, தரமும் பார்க்க வேண்டும் என்ற சட்டம் அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

எழுதிவைக்கப்பட்ட அளவு

பிற்கால முஸ்லிம் அரசுகள் இந்த உணர்வை வக்ஃபு என்ற அமைப்புக்குள் கொண்டுவந்தன. உஸ்மானியப் பேரரசில் பள்ளிவாசல், மதரஸா, மருத்துவமனை ஆகியவற்றோடு சேர்த்து இமாரத் என்னும் பொதுச் சமையற்கூடமும் கட்டப்பட்டது. சுல்தான் சுலைமானின் துணைவியார் ஹுர்ரம் சுல்தான் ஜெரூசலத்தில் நிறுவிய இமாரத் 1552ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கியது. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் குறுணைக் கஞ்சி என்று இரண்டு வேளை அங்கே உணவு காய்ச்சப்பட்டது. நாளொன்றுக்கு என்னென்ன பொருள், எவ்வளவு, யார் சமைப்பது, எந்தக் கிராமங்களின் வருவாய் இதற்குச் சேரும் என்பதெல்லாம் வக்ஃபு ஆவணத்திலேயே எழுதப்பட்டிருந்தன. நிறுவியவர் இறந்த பின்னும், சுல்தான்கள் மாறிய பின்னும் அந்த அடுப்பு எரிந்ததற்கு அந்த எழுத்தே காரணம்.

சத்திரங்களும் நோன்புக் கஞ்சியும் பழகிய நம் ஊருக்கு உணவளிக்கும் மனம் என்றுமே குறைந்ததில்லை. மதுரை ரயில் நிலையத்தின் எதிரே இன்றும் நிற்கும் மங்கம்மாள் சத்திரம் அதற்குச் சான்று. ஆயினும் சத்திரம் வழிப்போக்கருக்கானது. நோன்புக் கஞ்சி ஒரு மாதத்துக்கானது. பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் நாள்தோறும் உணவு என்ற எண்ணம் பிறக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

ஒரு அணாவும் அது நின்ற கதையும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். நிவாரணப் பணியில் கல்லுடைத்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். அந்த அளவு உயிரைப் பிடித்து வைக்கக்கூடப் போதாது என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. பசியை அளந்த கை, அதைத் தணிப்பதற்காக அளக்கவில்லை. செலவைக் குறைப்பதற்காகவே அளந்தது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் வேறொரு கணக்குப் போடப்பட்டது. 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாத செலவு என்று வரம்பு வைக்கப்பட்டது. ஆயிரம் விளக்கு என்ற பெயரே அங்குள்ள பள்ளிவாசல் வளாகத்தில் ஏற்றப்பட்ட விளக்குகளால் வந்தது என்பதை நம்மில் பலரும் அறிவோம். தமிழகத்தில் பள்ளி உணவின் முதல் அடுப்பு அந்த விளக்குகளின் அருகில் மூட்டப்பட்டது.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்கு! பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து தடுத்துவைத்திருந்தது படிப்பில் விருப்பமின்மை அன்று, பசியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் 1925 ஏப்ரல் முதல் நாளோடு திட்டம் தடைபட்டது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு அனுமதி மறுத்தது. கல்விக்கான பணம் சோற்றுக்கு ஆகாது என்பதே அதன் பொருள். இதில் ஒரு முரண் இருக்கிறது. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கு உள்ளாட்சி வரிப்பணத்தைச் செலவிடலாம் என்று 1906ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. தன் நாட்டுப் பிள்ளைக்கு அனுமதித்ததை அந்த அரசு நம் பிள்ளைக்கு மறுத்தது. அந்த இங்கிலாந்துச் சட்டமும் ‘வழங்கலாம்’ என்றுதான் சொன்னது. ‘வழங்க வேண்டும்’ என்று கடமையாக்க 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தேவைப்பட்டது. ‘லாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் இடையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் வயிறு காத்திருந்தது. முஸ்தஹப்புக்கும் ஃபர்ளுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

மதியம் நிறைந்தது, காலை எஞ்சியது

விடுதலைக்குப் பின் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் துணை நின்றார். அரசின் பங்கோடு ஊராரின் நன்கொடையும் சேர்ந்து அந்த உணவு நடந்தது. அது பெரும் சாதனை. ஆயினும் ஊரின் கை தாராளமாக இருந்த இடத்தில் உணவு செழித்தது, ஊர் வறண்ட இடத்தில் உணவும் வறண்டது.

1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைக் கிராமப்புறங்களில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் அது நகரங்களுக்கும் விரிந்தது. பள்ளிதோறும் சமையற்கூடம், அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்கள் உருவாயின. ஆட்சிகள் மாறின, பயறும் முட்டையும் கலவை சாதமும் கூடினவே தவிர, உணவு நிற்கவில்லை. 2001 நவம்பர் 28ஆம் நாள், நாடெங்கும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழகம் பழகிய வழக்கம் இந்தியப் பிள்ளைகள் அனைவரின் உரிமையாயிற்று.

மதியம் இவ்வாறு நிறைந்த பின்னும் காலை வெறுமையாகவே இருந்தது. இதற்கு வறுமை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ரேஷன் அரிசி வீட்டில் இருக்கும். அதைக் காலையில் சமைத்துப் போட ஆளிருக்காது.

மதுரையையே எடுத்துக்கொள்வோம். விடியும் முன்பே பூச்சந்தைக்கும் காய்கறிச் சந்தைக்கும் ஆட்கள் போய்விடுகிறார்கள். கட்டட வேலைக்குப் போகும் தாய்மார்கள் எட்டு மணிக்குள் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். மேலூர், வாடிப்பட்டிப் பகுதிகளில் பெரியாறு பாசன வயல்களில் நடவும் களையெடுப்பும் வெயிலுக்கு முன்பே தொடங்கிவிடும். முன்பெல்லாம் இத்தகைய வீடுகளில் முதல் நாள் சோற்றில் நீரூற்றி வைத்திருப்பார்கள். பழைய சோறும் நீராகாரமும் அடுப்பு மூட்டாமலே காலைப் பசியை ஆற்றின. அந்த வழக்கம் மெல்லக் குறைந்தது. அதன் இடத்தில் ஒரு டம்ளர் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் வந்து அமர்ந்தன. தேநீர் பசியை மறக்கச் செய்யும், ஆற்றாது.

நம் வீடுகளில் இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. சுப்ஹுத் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் மக்தபுக்கு ஓதப் போகிறார்கள். அங்கிருந்து திரும்பி, சீருடை மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவதற்குள் காலை உணவுக்கான அரை மணி நேரம் காணாமல் போய்விடுகிறது.

2022: திட்டம் உருவான விதம்

சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளிக்குச் சென்றபோது மாணவிகளிடம் காலையில் சாப்பிட்டீர்களா என்று விசாரித்ததாகவும், பெரும்பாலும் சாப்பிடுவதில்லை என்று அவர்கள் சொன்ன விடையே இத்திட்டத்துக்கு வித்திட்டதாகவும் அதை அறிவித்த முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கூறியிருக்கிறார். இளம் பிள்ளைகளுக்குக் காலை உணவு தேவை என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பரிந்துரைத்திருந்தது. 2022 மே 7ஆம் நாள் சட்டமன்றத்தில் 110ஆவது விதியின் கீழ் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள், 33 கோடியே 56 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,940 ரூபாய். பள்ளி நாளொன்றுக்குப் பதின்மூன்று ரூபாய்க்கு அருகில் வரும். மதுரையில் ஒரு தேநீரின் விலை!

இதன் நடைமுறையைக் கவனித்தால் ஜெரூசலத்து வக்ஃபு ஆவணம் நினைவுக்கு வருகிறது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரிசி, ரவை, சேமியா அல்லது சிறுதானியம் 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அந்தந்தப் பகுதியில் கிடைக்கும் காய்கறிகள் என்று அளவு எழுதப்பட்டது. ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல் என்று முறை வகுக்கப்பட்டது. வாரத்தில் இரண்டு நாட்களாவது சிறுதானியம் இடம்பெற வேண்டும் என்றும் சேர்க்கப்பட்டது. அனைத்தும் மரக்கறி உணவு. ஆகவே ஹலால் குறித்துத் தயங்கும் பெற்றோருக்கும் இதில் சஞ்சலத்துக்கு இடமில்லை.

சமையலில் இரண்டு வழிகள் வகுக்கப்பட்டன. நகரங்களில் ஒரு பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கி, வண்டிகளில் பள்ளிகளுக்கு அனுப்புவது ஒன்று. கிராமங்களில் பள்ளியிலேயே மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைப்பது மற்றொன்று. சமைக்கும் பெண் அதே ஊரினராகவும், அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிப்பவராகவும் இருக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. மேற்பார்வையாளர் எத்தனை பேர் வந்தாலும் தன் பிள்ளையும் உண்ணப்போகிறது என்ற எண்ணத்துக்கு ஈடாகுமா? தரக்குறைவான குலையைத் தொங்கவிடாதிருக்கச் செய்யும் சிறந்த வழி அது. பரிமாறும் முன் பள்ளி மேலாண்மைக் குழுவினர் உணவைச் சுவைத்துப் பார்க்கவும் இடம் வைக்கப்பட்டது. சமையல் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதைக் கைப்பேசிச் செயலியில் பதிவிடும் முறையும் வந்தது. காலை உணவில் நேரமே உயிர்நாடி. மதிய உணவு கால் மணி நேரம் தாமதித்தால் பிள்ளை காத்திருக்கும். காலை உணவு தாமதித்தால் மணி அடித்துவிடும்.

2022 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், மதுரை நெல்பேட்டையிலுள்ள பொதுச் சமையற்கூடத்திலிருந்து உணவு வண்டிகள் புறப்பட்டன. சுங்கம் பள்ளிவாசல் இருக்கும் அதே நெல்பேட்டை. நம் மக்கள் நெருங்கி வாழும் பகுதி. அருகே ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் பிள்ளைகளுக்குப் பரிமாறி, அவர்களோடு தரையில் அமர்ந்து உண்டு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சத்துணவு நகரங்களுக்கு வந்து சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

விரிவும் காத்திருப்பும்

மாநிலத் திட்டக் குழு பின்னர் 1,543 பள்ளிகளின் வருகைப் பதிவை ஆராய்ந்தது. அவற்றுள் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. 1920களில் சென்னையின் ஐந்து பள்ளிகள் சொன்னதையே இவையும் சொல்லின.

2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் நடந்த விழாவோடு திட்டம் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், அதாவது 31,008 பள்ளிகளுக்கு, விரிந்தது. 2024 ஜூலை 15 அன்று கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள் சேர்ந்தன. நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளின் முறை 2025 ஆகஸ்ட் 26 அன்று வந்தது. அன்று 2,429 பள்ளிகளைச் சேர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் திட்டத்துக்குள் வந்தார்கள்.

இந்தக் கடைசிக் கட்டம் நமக்கு முக்கியமானது. தமிழகத்தில் முஸ்லிம் கல்வி அமைப்புகள் நடத்தும் பள்ளிகளில் பல, அரசு உதவி பெறுபவை. நகர்ப்புறங்களில் அவற்றில் படித்த பிள்ளைகள் 2022 முதல் 2025 வரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஒரே தெருவின் ஒரு வீட்டுப் பிள்ளை பொங்கல் உண்டுவிட்டு வகுப்பில் அமர்ந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை வேறு பள்ளியில் படித்த ஒரே காரணத்தால் வெறும் வயிற்றோடு அமர்ந்தது. பெற்றோரின் வருமானத்தில் வேறுபாடில்லை, பள்ளியின் நிர்வாகத்தில் மட்டுமே வேறுபாடு. எழுத்தில் இல்லாதவரை உரிமை இல்லை என்பதற்கு அந்த மூன்றாண்டுகள் நம் கண்முன் நிகழ்ந்த சான்று. அந்த வாசல் இப்போது திறந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். திறந்த வாசலுக்குள் பிள்ளைகள் நுழைகிறார்களா என்பதே இனி எழும் கேள்வி.

நம் கையில் இருப்பவை

முதலாவது, மக்தபின் நேரம். எட்டு மணி கடந்தும் பிள்ளைகளை ஓதலில் அமர்த்தி வைத்திருந்தால், பள்ளியில் உணவு ஆறிவிடும், பிள்ளை பசியோடு வகுப்புக்குப் போகும். குர்ஆன் ஓதுதலும் உணவும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்க வேண்டியதில்லை. காலை மக்தபை ஏழரை மணிக்குள் முடிக்கலாம். முடியாத இடங்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அஸருக்கோ மஃரிபுக்கோ பிறகு பாடம் வைக்கலாம். சீருடையோடும் பையோடும் மக்தபுக்கு வரச் சொல்லி, அங்கிருந்தே நேராகப் பள்ளிக்கு அனுப்பிவைக்கலாம். ஜமாஅத் நிர்வாகிகளும் உஸ்தாதுகளும் பள்ளித் தலைமையாசிரியரும் ஒருமுறை அமர்ந்து பேசினால் ஒரே நாளில் முடியக்கூடிய ஏற்பாடு இது. அரசாணை தேவையில்லை, நன்கொடையும் தேவையில்லை.

இரண்டாவது, வெட்கம். இலவசச் சாப்பாட்டுக்குப் பிள்ளையை அனுப்பினால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்று தயங்கும் குடும்பங்கள் உண்டு. இந்தத் திட்டம் யாரிடமும் வருமானச் சான்று கேட்பதில்லை. அந்தப் பள்ளியின் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. ஸதகாவாக வருவதை ஏற்பதில் தயக்கம் கொள்வது சிலருக்குப் பேணுதலாக இருக்கலாம். பொது வரியிலிருந்து பொதுப் பள்ளிக்கு வருவதோ கரும்பலகையையும் பாடநூலையும் போன்றது. பாடநூலை வாங்க வெட்கப்படுவோர் உண்டா? தவிரவும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விலகி நின்றால், வரிசையில் நிற்கும் பிள்ளை ஏழை என்று அடையாளப்படும். எல்லாரும் அமர்ந்து உண்ணும் பந்தியில் ஏழை யார் என்று யாருக்கும் தெரியாது. நம் ஸஹன்களில் நாம் ஒன்றாகக் கை வைத்து உண்பதன் பொருளும் அதுவே.

மூன்றாவது, பொறுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோருக்கு இடம் உண்டு. நம் தாய்மார்கள் அந்தக் கூட்டங்களுக்குச் செல்ல வேண்டும். சாம்பாரில் காய் இருக்கிறதா, குடிநீர் தூய்மையாக இருக்கிறதா, உணவு நேரத்துக்கு வருகிறதா என்று கேட்க வேண்டும். குறை இருந்தால் உரிய இடத்தில் பணிவோடும் உறுதியோடும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் பரப்புவதால் சாம்பாரில் காய் கூடாது. தகுதியுள்ள சகோதரிகள் சுய உதவிக் குழுக்களின் வழியாகச் சமையல் பணிக்கும் முன்வரலாம். பிள்ளைகளுக்கு உணவு சமைத்தளிப்பது கூலியும் நன்மையும் ஒருங்கே சேரும் வேலை.

நான்காவதாக, திட்டம் எட்டாத பிள்ளைகள். ஆறாம் வகுப்புக்குச் சென்ற பிள்ளைக்குக் காலையில் பசிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிவிட்டுக் காலை உணவுக்குத் தடுமாறும் வீடுகளும் உண்டு. முழுநேர மதரஸா மாணவர்களும் இருக்கிறார்கள். அரசின் எழுத்து நிற்கும் இடத்திலிருந்து நம் ஜமாஅத்தின் எழுத்து தொடங்கலாம். ரமலானில் ஒரு மாதம் தவறாமல் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்களில் அண்டா இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கைதேர்ந்த சமையலர்கள் இருக்கிறார்கள். எஞ்சிய பதினொரு மாதங்களில் வாரத்துக்கு ஐந்து நாட்கள், இத்தனை பிள்ளைகள், இன்ன அளவு, இன்ன நேரம், இன்னார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொடங்கினால் போதும். சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோமே.

அல்-மாவூன் அத்தியாயத்தைப் பிள்ளைகள் தொடக்க வகுப்பிலேயே மனனம் செய்கிறார்கள். ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனை அல்லாஹ் அதில் கண்டிக்கிறான். உணவளிக்க இயலாதவருக்குச் சாக்கு இருக்கலாம். தூண்டுவதற்குக் காசு எதுவும் செலவாவதில்லை. மக்தபை அரை மணி நேரம் முன்னதாக முடிப்பதும் ஒரு தூண்டுதலே. அண்டை வீட்டாரிடம் ‘உங்கள் பிள்ளையையும் எட்டு மணிக்கே அனுப்புங்கள்’ என்று சொல்வதும் ஒரு தூண்டுதலே.

நம் பிள்ளைகளின் வயிற்றையும் நெஞ்சையும் ஹலாலான உணவாலும் பயனுள்ள கல்வியாலும் நிரப்புவானாக. பசித்த முகத்தைப் படிக்கும் பார்வையை நமக்கு அல்லாஹ் தருவானாக. ஆமீன்.